ரப்பர் தந்த சான்று: நீள்சங்கிலி மூலக்கூறு என்ற கருத்து நிலைபெற்ற வரலாறு

பலபடி வேதியியலின் வரலாற்றை செல்லுலாய்டில் தொடங்கி, பேக்கலைட், நைலான் என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். அது பொருள்களின் வரலாறு. ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரணச் சகப்பிணைப்பால் கோக்கப்பட்டு ஒரே மூலக்கூறாக நிற்க முடியும் என்பது அப்பொருள்களுக்கு அடிப்படையான கருத்து. 1920க்கு முன் அதைப் பெரும்பாலான வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. பேக்கலைட்டைச் செய்து விற்றவர்களுக்கே அதன் மூலக்கூறு எப்படிப்பட்டது என்று தெரியாது. அந்தக் கருத்து நிலைபெற்றதில் ரப்பருக்கு இருந்த பங்கைப் பற்றியது இக்கட்டுரை. செல்லுலோஸ், மாவுப்பொருள், புரதம் ஆகியவையும் இந்த விவாதத்தில் இடம்பெற்றன. ஆயினும் ரப்பரில் இரட்டைப் பிணைப்பு இருந்தது. தவறான கொள்கை ஒன்று வேர்விட இடம் தந்ததும் அந்தப் பிணைப்புதான்; அக்கொள்கையைச் சோதித்து வீழ்த்த வழி தந்ததும் அதுவே.

பயன்பாடு அறிவுக்கு வெகுகாலம் முந்தியது. மத்திய அமெரிக்காவின் தொல்குடிகள் காஸ்டில்லா மரத்தின் பாலில் ஒருவகைத் தாளிக்கொடியின் சாற்றைக் கலந்து உறையவைத்துப் பந்து செய்தார்கள்; எல் மனாத்தி என்னும் இடத்தில் கிடைத்த பந்துகள் பொது ஆண்டுக்கு முன் 1600ஐ ஒட்டியவை. ஐரோப்பாவுக்கு ரப்பர் மாதிரியை 1736இல் லா கொந்தமின் அனுப்பினார். அங்கே அது கோடையில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியதும் இரண்டு குறையும் நீங்கின. வல்கனைசேஷன் என்று நாம் சொல்லும் இச்செயலில், கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே குறுக்குப் பாலமிடுகின்றன. சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி ஓட முடியாமல் போகிறது. ஆனால் பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் இன்னும் அசையும். இந்த விளக்கம் குட்இயருக்குக் கிடைத்திருக்க வழியில்லை. சங்கிலி என்ற எண்ணமே அப்போது பிறக்கவில்லை.

தூய ரப்பரில் எடையில் 87.2 பங்கு கார்பன், 12.8 பங்கு ஹைட்ரஜன் என்று ஃபாரடே 1826இல் அளந்திருந்தார். இதிலிருந்து சி5எச்8 என்ற விகிதம் கிடைத்தது. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து அதே விகிதமுடைய ஐசோப்ரீன் என்ற எளிதில் ஆவியாகும் நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். 1879இல் பூஷார்தா ஐசோப்ரீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து ரப்பர் போன்ற பொருளைத் திரும்பப் பெற்றார். ஒற்றைப்படியிலிருந்து பலபடி, பலபடியிலிருந்து ஒற்றைப்படி என்று இருவழியும் கண்முன் திறந்திருந்தும், நீள்சங்கிலி என்ற முடிவுக்கு வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதத்தை வேதியியலாளர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. அக்கால வேதியியலின் வெற்றியெல்லாம் தூய்மை என்ற அளவுகோலின் மேல் கட்டப்பட்டது. தூய சேர்மம் படிகமாகும், குறித்த வெப்பநிலையில் உருகும், அதற்கு ஒரே ஒரு மூலக்கூறு எடை இருக்கும். ரப்பர் இதில் எதற்கும் உடன்படவில்லை. 1861இல் தாமஸ் கிரஹாம் கூழ்மங்களைத் தனி வகையாகப் பிரித்திருந்ததால், இத்தகைய பொருள்களைப் போட்டுவைக்க ஓர் இடமும் தயாராக இருந்தது. 1880களின் இறுதியில் உறைநிலைத் தாழ்வு முறையில் அளந்தபோது ரப்பரின் மூலக்கூறு எடை சில ஆயிரங்களாக வந்தது. கூழ்மங்களுக்கு அந்த முறை பொருந்தாது என்று சொல்லி அளவீட்டையே புறக்கணித்தார்கள். பதினெட்டு அமினோ அமில அலகுகளைக் கோத்துக்காட்டிய எமில் ஃபிஷரே, 5,000க்கு மேற்பட்ட மூலக்கூறு எடையை நம்பத் தயங்கினார்.

இச்சூழலில்தான் கார்ல் ஹாரிஸின் கொள்கை வந்தது. 1904-05இல் அவர் ஓசோனைச் செலுத்தி ரப்பரை இரட்டைப் பிணைப்புகள் இருந்த இடங்களில் வெட்டினார். லெவுலினிக் ஆல்டிஹைடு கிடைத்தது. அருமையான சோதனை. அதிலிருந்து ஐசோப்ரீன் அலகுகள் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பது உறுதியாயிற்று. ஆனால் அவர் வரைந்தது, இரண்டிரண்டு அலகுகள் சேர்ந்த எட்டுக் கார்பன் வளையம். அத்தகைய சிறு வளையங்களை இரட்டைப் பிணைப்புகளில் எஞ்சியிருக்கும் ‘பகுதி இணைதிறன்’ ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெருந்திரளாக்குகிறது என்றார். 1910இல் இங்கிலாந்தின் சாமுவேல் பிக்கிள்ஸ் இதை மறுத்து, அலகுகள் உண்மையான பிணைப்பால் நீளமாக இணைந்தவை என எழுதினார். அவருக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

ஹெர்மன் ஸ்டாடிங்கர் சூரிக்கில் இருந்தபோது 1920இல் வெளியிட்ட கட்டுரை, ரப்பருக்கும் பாலிஸ்டைரீனுக்கும் பாலிஆக்சிமெத்திலீனுக்கும் நீள்சங்கிலி வாய்பாடுகளைத் தந்தது. அதைவிட முக்கியமானது 1922இல் ஃபிரிட்ஷியோடு அவர் செய்த ஹைட்ரஜனேற்றம். ஹாரிஸ் சொன்னது சரியென்றால், இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பியதும் ஒட்டுவிசை அற்றுப்போக வேண்டும்; வளையங்கள் பிரிந்து, காய்ச்சி வடிக்கத்தக்க சாதாரண நீர்மம் எஞ்ச வேண்டும். சூடும் அழுத்தமும் கொடுத்து ஹைட்ரஜனேற்றினார்கள். கிடைத்த பொருள் வெற்றிடத்திலும் வடியவில்லை. கரைத்தால் முன்போலவே கூழ்மக் கரைசலானது. ஒட்டவைப்பதற்கு இரட்டைப் பிணைப்பே இல்லாதபோதும் பேரளவு குலையவில்லை என்றால், அந்தப் பேரளவு மூலக்கூறுக்கே உரியது. அக்கட்டுரையில்தான் இவற்றைப் பெருமூலக்கூறுகள் என்று அவர் அழைத்தார். பலபடி வேதியியல் முழுவதிலும் இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்மையான சோதனை வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இருந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. ரப்பரை நன்கு தூய்மையாக்கினால் அது படிகமாகும், சிறு மூலக்கூறு என்பதும் விளங்கும் என்று ஹைன்ரிஷ் வீலாண்ட் தமக்கு அறிவுரை சொன்னதாக ஸ்டாடிங்கர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1925இல் கட்ஸ், இழுத்துப் பிடித்த ரப்பர் எக்ஸ் கதிரில் படிகத்துக்குரிய புள்ளிகளைத் தருவதைக் கண்டார். உடனே, படிகத்தின் அலகுக்கூட்டைவிட மூலக்கூறு பெரிதாக இருக்க முடியாது என்ற வாதம் எழுந்தது. ஒரே சங்கிலி பல அலகுக்கூடுகளின் ஊடே செல்லலாம் என்பதை 1926இல் ஸ்பான்ஸ்லரும் டோரும் செல்லுலோஸில் காட்டிய பிறகே அவ்வாதம் தளர்ந்தது. ஸ்வெட்பெரியின் மீமைய விலக்கி புரதங்களின் எடையைப் பல்லாயிரங்களில் காட்டியது. டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ், தெரிந்த வினைகளைக் கொண்டே படிப்படியாகச் சங்கிலியைக் கட்டி, 10,000க்கு மேற்பட்ட எடையை எட்டினார். 1935இன் நைலான் அந்த முயற்சியின் விளைபொருள்.

ஸ்டாடிங்கரும் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. சங்கிலிகளை விறைத்த குச்சிகளாகவே அவர் கற்பனை செய்தார். ரப்பர் ஏன் இழுபடுகிறது, விட்டதும் ஏன் சுருங்குகிறது என்பதற்குக் குச்சியில் விடையில்லை. 1805இலேயே ஜான் காஃப் ரப்பர்த் துண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்து, அது சூடாவதை உணர்ந்திருந்தார். 1930களில் மேயர், குன், குத், மார்க் ஆகியோர் அதன் பொருளைக் கண்டார்கள். வெப்ப அசைவால் சங்கிலி எண்ணற்ற வடிவங்களில் சுருண்டு கிடக்கிறது. இழுக்கும்போது அதற்குக் கிடைக்கும் வடிவங்கள் குறைகின்றன. விட்டதும் அது பல வடிவ நிலைக்கே திரும்புகிறது. ரப்பரின் விசை முதன்மையாக என்ட்ரோபியிலிருந்து பிறக்கிறது.

அடுத்து எஞ்சியது வடிவியல். குட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளின் வாய்பாடும் ரப்பரின் வாய்பாடும் ஒன்றே. ஆனால் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் சிஸ் அமைப்பில் உள்ளன, குட்டாபெர்ச்சாவில் டிரான்ஸ் அமைப்பில். நேராக நீளும் டிரான்ஸ் சங்கிலிகள் அருகருகே அடுக்காக அமைந்து படிகமாகிவிடுவதால் குட்டாபெர்ச்சா இழுபடாது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக அது பயன்பட்டது. இதற்கிடையே செயற்கை ரப்பர் செய்யும் முயற்சிகளும் நடந்தன. முதல் உலகப்போரின்போது ஜெர்மனி செய்த மெத்தில் ரப்பர் தரம் குன்றியிருந்தது. 1942இல் ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததும் அமெரிக்கா ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரில் இறங்கி, 1945க்குள் ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் செய்யும் நிலைக்கு வந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களில் பல்லாயிரம் பேரை அதே ஆக்கிரமிப்பு சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோய்க் கொன்றது. வேதியியல் நூல்கள் தொழிற்சாலையை மட்டும் குறிக்கின்றன. இதையும் சேர்த்தே அந்த வரலாற்றை எழுத வேண்டும்.

சிஸ் சங்கிலியை விரும்பியபடி கட்டும் வழி, 1953இல் ஸீக்லர் கண்ட டைட்டேனியம்-அலுமினிய வினையூக்கியோடு வந்தது. 1954 இறுதியில் குட்ரிச் நிறுவனம் ஐசோப்ரீனிலிருந்து பெரும்பகுதி சிஸ் அமைப்புள்ள பாலிஐசோப்ரீனைச் செய்தது. மரத்தின் வேலையை ஆலை கற்றுக்கொண்டது என்று அப்போது தோன்றியது. ஆனால் மரம் அந்த வழியில் போவதே இல்லை. ரப்பர் மரமான ஹெவியா ஐசோப்ரீனைக் கோத்து ரப்பர் செய்வதில்லை. ஐசோபென்டெனைல் பைரோபாஸ்பேட்டை நொதியின் துணையால் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. தொடக்கத்தில் ஓரிரு டிரான்ஸ் அலகுகள், பிறகு ஆயிரக்கணக்கில் சிஸ் அலகுகள். சங்கிலியின் முனைகளில் புரதமும் பாஸ்போலிப்பிடும் பற்றியிருக்கின்றன. வல்கனைசேஷனுக்கு முன்பே இயற்கை ரப்பருக்கு இருக்கும் வலிமை செயற்கைப் பாலிஐசோப்ரீனுக்கு வராததற்கு இவையும் காரணமாகக் கருதப்படுகின்றன. விமானச் சக்கரங்களின் டயர்களுக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரிதும் பயன்படுகிறது.