மெலிந்தவர்களின் சர்க்கரை

என் மனைவியின் தம்பிக்குச் சர்க்கரை நோய் என்று 1987-ல் கண்டுபிடித்தார்கள். அப்போது அவனுக்கு வயது 31. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் எப்போதுமே ஒல்லி. சட்டை போட்டிருந்தாலும் தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். சர்க்கரை என்றால் பணக்காரர்களுக்கும் தொப்பை போட்டவர்களுக்கும் வருவது என்று ஊர் நம்பிய காலம். "உனக்கு எப்படிடா வந்தது?" என்று தெருவில் கேட்டார்கள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மயங்கி விழவில்லை, ஆகவே இது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே என்றார்.

சோற்றைக் குறைத்தான். இன்னும் மெலிந்தான். மாத்திரை கூடிக்கொண்டே போயிற்று, சர்க்கரை இறங்கவில்லை. அப்படியானால் இவன் யாருக்கும் தெரியாமல் எதையோ தின்கிறான் என்று ஆஸ்பத்திரியிலும் முடிவு கட்டினார்கள், வீட்டிலும் முடிவு கட்டினார்கள். என் மாமியார் வெல்ல டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் அப்போது புதுச்சேரியில் அரசுப் பணியில் இருந்தேன். ஆடித்தபசுக்கு லீவு போட்டு வந்தபோது நானும் என் பங்குக்குப் புத்திமதி சொன்னேன். "அத்தான், கோமதியம்மன் சத்தியமா நான் ஒரு அதிரசம்கூட தின்னல" என்றான். நான் நம்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1989-ல் யாரோ சொன்னதைக் கேட்டு, கொல்லம் மெயில் ஏறி, அங்கிருந்து திருவனந்தபுரம் போனோம். அங்கே பார்த்த வயதான டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "இது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்று யார் சொன்னது?" என்று கேட்டார். பிறகு மூன்றே கேள்விகள். சின்ன வயதில் அடிக்கடி வயிற்று வலி வந்ததா? மலம் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கிறதா? மரச்சீனிக் கிழங்கு நிறையச் சாப்பிட்டிருக்கிறாயா? மூன்றுக்கும் ஆமாம் என்றான். பள்ளி நாட்களில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதைக் குடல்புண் என்றும், படிப்புக்குக் கள்ளம் என்றும் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வயிற்றை ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் முதுகெலும்புக்குக் குறுக்கே, கணையம் இருக்கும் இடத்தில், அரிசியும் மொச்சையும் சிதறியது போல வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

இன்சுலினும், சாப்பாடு செரிப்பதற்குக் கணைய நொதி மாத்திரையும் எழுதினார். "நன்றாகச் சாப்பிடு" என்றும் சொன்னார். சர்க்கரை நோயாளியிடம் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த டாக்டருக்குத் தெரிந்தது இங்கே இருந்தவருக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. ஓய்வு பெற்று மனைவியின் ஊரான இங்கேயே வந்து தங்கிய பிறகுதான் அதைத் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு உத்தியோகத்தில் எனக்கு அதிகம் உதவவில்லை, இந்த விஷயத்தில் உதவியது. பாரிஸ் தேசிய நூலகம் பழைய ஏடுகளையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. எத்தியன் லான்செரோ என்ற பாரிஸ் டாக்டர் 1880-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தியாபெத் மெக்ர்', அதாவது மெலிந்த சர்க்கரை நோய். மற்றொன்று 'தியாபெத் க்ரா', கொழுத்த சர்க்கரை நோய். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைக்கு 'மெக்ர்' என்று பெயர், கறி கிடையாது. அதே சொல்லை ஒரு நோயின் பெயரில் பார்த்தபோது என் மச்சினன் முகம்தான் கண்ணுக்கு வந்தது. மெலிந்து இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது கணையம் கெட்டுப்போயிருந்ததை லான்செரோ கண்டார். ஒன்பது ஆண்டு கழித்து, 1889-ல், மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு அதோடு உறுதியாயிற்று.

நம் சரகரும் சுஸ்ருதரும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மேக நோயாளிகளை மெலிந்தவர், பருத்தவர் என்று பிரித்திருக்கிறார்கள். மெலிந்தவனுக்கு ஊட்டம் கொடு, பருத்தவனுக்குக் குறை என்பது அவர்கள் முறை. என் மச்சினனுக்கு இங்கே நடந்தது இதற்கு நேர் எதிர்.

1921-ல் இன்சுலின் கண்டுபிடித்த பிறகு, சர்க்கரை என்றாலே இன்சுலின் குறைவு, அது ஒரே நோய்தான் என்ற எண்ணம் பரவியது. 1936-ல் லண்டனில் ஹாரோல்ட் ஹிம்ஸ்வொர்த் அதை உடைத்தார். நோயாளிக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலினும் ஏற்றிப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது, சிலருக்கு இன்சுலினை உடம்பு மதிக்கவே இல்லை. முதல் கூட்டத்தில் பெரும்பாலும் இளவயதினர், மெலிந்தவர். இரண்டாவதில் பெரும்பாலும் வயதானவர், பருத்தவர். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகத்துக்கு வரும்போது அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. வயதைக் கேட்டாலே வகை தெரிந்துவிடும் என்று ஆகிவிட்டது.

1951-ல் போர்ன்ஸ்டைனும் ஆர்.டி. லாரன்ஸும் இரத்தத்தில் இன்சுலினையே அளந்து காட்டினார்கள். இந்த லாரன்ஸின் கதை சுவையானது. அவரே சர்க்கரை நோயாளி. 28 வயதில், அறுவைப் பயிற்சியில் உளியிலிருந்து தெறித்த எலும்புத் துண்டு கண்ணில் பட்டு, அதற்குப் பரிசோதிக்கப் போன இடத்தில் நோய் தெரிந்தது. இனி அதிக நாள் இல்லை என்று இத்தாலிக்குப் போய்விட்டார். 1923-ல் இன்சுலின் கிடைத்துத் திரும்பி வந்து 1968 வரை வாழ்ந்தார். சிறுபிள்ளைகளுக்கு வரும் வகை என்று சொல்லப்பட்டது, வளர்ந்த ஒரு டாக்டருக்கே வந்திருந்தது.

இந்த இரண்டு அறைகளிலும் அடங்காதவர்கள் வெப்ப நாடுகளில்தான் தென்பட்டார்கள். 1955-ல் ஹியூ-ஜோன்ஸ் ஜமைக்காவில் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டு, தீவின் பெயரின் முதலெழுத்தால் 'ஜே' வகை என்றார். அவர்கள் ஒல்லி, இன்சுலின் நிறையத் தேவைப்பட்டது, ஆனால் நிறுத்தினாலும் மயக்க நிலைக்குப் போகவில்லை. 1959-ல் ஸூய்டெமா இந்தோனேசியாவில், ஏழைகளின் கணையத்தில் கல்லும் அதோடு சர்க்கரையும் இருப்பதை எழுதினார். பிறகு கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகளை உலகில் வேறு யாரும் பார்க்காத எண்ணிக்கையில் பார்த்து, 1960-களில் விரிவாக எழுதினார். திருவனந்தபுரம் டாக்டரின் மூன்று கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த விஷயம், செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கிழங்கின் மேல் போட்ட பழி முழுதும் நிற்கவில்லை. மரச்சீனியில் உள்ள சயனைடு கணையத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தார்கள். ஆனால் கிழங்கே தின்னாதவர்களுக்கும் இந்தக் கல் வருகிறது, தினமும் தின்கிற எத்தனையோ பேருக்கு வருவதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத் போன்ற இடங்களில் ஆராய்ந்தவர்கள், இந்த நோயாளிகளில் கணிசமான பேரிடம் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1985-ல், ஊட்டக்குறைவோடு வரும் சர்க்கரை நோய் என்று தனித் தலைப்பு ஒன்று போட்டது. அதன் கீழ் இரண்டு பிரிவு: கணையத்தில் கல் உள்ளது, கல் இல்லாதது. 1999-ல் அந்தத் தலைப்பை ரத்து செய்தார்கள். ஊட்டக்குறைவுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். கல் உள்ள பிரிவு கணைய நோய்களோடு சேர்ந்து 'இதர வகைகள்' என்ற கடைசி வரிசைக்குப் போயிற்று. கல் இல்லாத பிரிவு போன இடம் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் கட்டியவன் நான். 'இதர' என்று எழுதிய கட்டுக்குள் போன ஃபைலை அப்புறம் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ரத்துக்குச் சில வருஷம் பின்பு என் மச்சினன் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஊர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். அச்சடித்த படிவத்தில் டைப் 1, டைப் 2 என்று இரண்டே கட்டம். "இந்த வயசுல டைப் 2 தானே? இன்சுலின் யார் போடச் சொன்னது?" என்று கேட்டார்கள். இவன் கணையக் கல் என்று சொல்லியிருக்கிறான். பித்தக் கல்லைத்தான் தப்பாகச் சொல்கிறான் என்று சிரித்திருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் நிறுத்தியும் மயக்கமாகி விழவில்லை, பார்த்தாயா, உனக்கு இன்சுலின் தேவையே இல்லை என்றார்கள்.

கோளாறே அங்கேதான். இந்த நோயில் கணையத்தில் கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருக்கும். கூடவே, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற எதிர்ச் சுரப்பும் குறைந்துபோயிருக்கும். அதனால் டைப் 1 நோயாளியைப் போல இரண்டு மூன்று நாளில் இரத்தம் புளித்து மயக்கம் வராது. மெதுவாக உருகுவார்கள். ஆறு வாரத்தில் அவன் ஒன்பது கிலோ இழந்தான். உள்ளங்கால் எரிச்சலில் இரவெல்லாம் தூங்கவில்லை. டி.பி.யாக இருக்குமோ என்று சளி எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியில் என் மனைவிதான் பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துக்கொண்டு அவனை மறுபடி திருவனந்தபுரம் கூட்டிப் போனாள்.

நான் டாக்டர்களைக் குறை சொல்லவே இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 'உனக்கு இந்த வகை என்று யார் சொன்னது?' என்ற ஒரே கேள்வியைத்தான் இரண்டு இடத்திலும் கேட்டார்கள். ஓரிடத்தில் கேட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். இன்னோரிடத்தில் கேட்டுவிட்டு வயதைப் பார்த்தார்கள்.

சந்தேகம் கேட்டதால் நன்மை பெற்றவர்களும் உண்டு. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதனும் அவர் மகன் டாக்டர் வி. மோகனும் சகாக்களும் 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளவயதில் வந்தும் பெரியவர்களின் நோய் போல நடக்கும், குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு வகை இந்தியர்களிடம் நிறைய இருக்கிறது என்பது அதன் சாரம். இளவயதுதானே என்று டைப் 1 சீட்டு ஒட்டப்பட்டு, தேவையில்லாமல் ஊசி குத்திக்கொண்டிருந்தவர்கள் இவர்களில் உண்டு. சரியாகக் கண்டுபிடித்தால் பலருக்கு மாத்திரையே போதும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உடம்பு தன் கணையத்தைத் தானே தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று 1970-களிலிருந்து சோதிக்க முடிகிறது. அப்படிப் பார்த்தபோது, டைப் 2 என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த பெரியவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைப் 1. 1993-ல் அதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்தார்கள். பிரிட்டனின் தெரசா மே 2012-ல் 56 வயதில் டைப் 2 என்று சொல்லப்பட்டு மாத்திரை சாப்பிட்டார். குணம் தெரியாமல் மறுபடி சோதித்ததில் டைப் 1. இன்சுலின் ஊசியோடுதான் பிறகு பிரதமரானார். மந்திரியாக இருந்தவருக்கே அப்படி என்றால், விசைத்தறிக்காரன் எம்மாத்திரம்?

சி-பெப்டைடு என்று இன்னொரு சோதனை. கணையம் ஒவ்வொரு தடவை இன்சுலின் விடும்போதும் அதே அளவு இந்தப் பொருளும் இரத்தத்தில் சேரும். வெளியிலிருந்து ஊசியில் போடும் இன்சுலினில் இது கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்பவருக்கும் சொந்தக் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் பக்கத்திலும் இன்று இரத்தம் எடுத்து அனுப்பி முடிவு வாங்கலாம். சீட்டில் எழுதியுள்ள வகையோடு உடம்பு ஒத்துப்போகவில்லை என்றால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்லாமல் ஊசியையோ மாத்திரையையோ நாமாக நிறுத்தவும் கூடாது.

1999-ல் காணாமல் போன ஃபைல் வேலூரில் திரும்பக் கிடைத்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து மெலிந்த நோயாளிகளை நுணுக்கமாக அளந்து 2022-ல் வெளியிட்டார்கள். இவர்கள் உடம்பு இன்சுலினை மதிக்கிறது, கணையம்தான் போதுமான அளவு சுரப்பதில்லை. ஆகவே டைப் 2 இல்லை. உடம்பு தன்னைத்தானே தாக்கவும் இல்லை. ஆகவே டைப் 1-ம் இல்லை. சாப்பாடு நிச்சயமில்லாத இவர்களுக்கு அளவுக்கு மீறி இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடினார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் அதை 'டைப் 5' என்று ஏற்றுக்கொண்டது. உலகில் இரண்டு முதல் இரண்டரைக் கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒப்புக்கொள்ளாத நிபுணர்களும் உண்டு. என் மச்சினனின் நோய் இதுவல்ல, அவனுடையது இன்றும் 'இதர'தான். செய்தித்தாளில் படித்ததும், "அஞ்சு வரைக்கும் வந்துட்டாங்க அத்தான், நம்மள விட்டுட்டாங்களே" என்றான்.

இப்போது அவனுக்கு எழுபது நெருங்குகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 1989 எக்ஸ்ரேயை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகிறான். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. சென்ற மாதம் காலில் ஒரு புண்ணுக்காகக் காட்டப் போனோம். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா, எங்கள் பேத்தி வயதுதான் இருக்கும், "எந்த டைப் ஐயா?" என்று கேட்டார். இவன் பேசாமல் படத்தை எடுத்து நீட்டினான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், பக்கத்து அறையிலிருந்து பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். "புத்தகத்துலதான் பார்த்திருக்கோம்" என்றார்கள்.

"நல்லா பாருங்கம்மா" என்றான் இவன். "பார்த்துட்டு மறக்காம திருப்பித் தந்துரணும்."