கனமே காப்பா? மருத்துவக் கவுன் தேர்வில் ஒரு தவறான அளவுகோல்

மருத்துவமனைகள் கவுன் வாங்க விடும் டெண்டர்களில் துணியைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும்: 60 ஜி.எஸ்.எம்., அல்லது 70. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம் என்பதே அதன் பொருள். எண் கூடினால் கவுன் கெட்டி, கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று வாங்குபவரும் விற்பவரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒப்புதலை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த நீர்மம், எவ்வளவு, எந்த அழுத்தத்தில், உடலின் எந்தப் பகுதியில் வந்து படும் என்ற கணக்கைப் போட்டுத்தான் கவுனைத் தேர வேண்டும். எடை அந்தக் கணக்கில் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்முதல் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். மாதிரிக் கவுனை இருவர் தொட்டில்போல விரித்துப் பிடிக்க, மூன்றாமவர் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. எல்லோரும் கையெழுத்திட்டோம். அந்தச் சோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தேங்கிய நீரின் ஆழம் நாலைந்து சென்டிமீட்டர்கூட இராது, அமெரிக்காவின் பி.பி.70 தரநிலையில் மூன்றாம் நிலைக் கவுனின் துணி 50 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். அதைவிட முக்கியமானது, இரத்தம் தண்ணீரல்ல. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சோதனைக்கூடங்களில் பயன்படும் செயற்கை இரத்தத்துக்கு அது 42தான். இழுவிசை குறையக் குறைய நீர்மம் இழைகளை எளிதில் நனைத்து உள்ளே நுழையும். தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் இன்னும் மோசம்.

துணியின் உள்ளமைப்பையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கவுன்களில் நல்லவை எஸ்.எம்.எஸ். எனப்படும் மூன்றடுக்கு பாலிபுரொப்பிலீன். ஸ்பன்பாண்ட் எனப்படும் வெளி அடுக்குகள் இரண்டும் வலுவுக்கு. நடுவில் இருக்கும் மெல்ட்புளோன் அடுக்குதான் தடுப்பு. அதன் இழைகள் மிக நுண்ணியவை, ஆகவே இடைவெளிகளும் சிறியவை. சிறிய இடைவெளிக்குள் நீர்மத்தைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். நடு அடுக்கே இல்லாத 70 ஜி.எஸ்.எம். ஸ்பன்பாண்டைவிட நன்றாகச் செய்த 45 ஜி.எஸ்.எம். எஸ்.எம்.எஸ். அதிகம் தாங்குவது இதனால்தான்.

இதில் ஒரு பழைய வரலாறும் மீள்கிறது. 1952இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பெக், கொலெட் என்பவருடன் சேர்ந்து எழுதிய சிறு கட்டுரையின் தலைப்பிலேயே கவுன்மீதான ‘பொய் நம்பிக்கை’யைக் குறிப்பிட்டார். ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த பருத்திக் கவுன் உலர்ந்திருக்கும்வரை சரி, நனைந்த நொடியில் நுண்ணுயிரிகளுக்கு அது வழிவிடுகிறது என்பதே அவர்களது வாதம். அன்று நம்பிக்கை பருத்தியின்மீது இருந்தது. இன்று அது ஜி.எஸ்.எம்.மின்மீது இருக்கிறது.

பி.பி.70 கவுன்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் தண்ணீரைக் கொண்டு சோதிக்கப்படுபவை. நான்காம் நிலைக் கவுன் 13.8 கிலோபாஸ்கல் அழுத்தத்திலும் 27 நானோமீட்டர் அளவுள்ள ஒரு பாக்டீரியத்தின்னி வைரசை உள்ளே விடக் கூடாது. ஆனால் அறுவைக் கவுனில் இந்தத் தேர்வு மார்புப் பகுதிக்கும் முழங்கைக்குச் சற்று மேல்வரையான கைப்பகுதிக்குமே உரியது. முதுகுக்கு அந்தத் தடுப்பு இருக்க வேண்டியதில்லை. தனிமை வார்டுக்கான கவுனில் கை, கீழ் விளிம்புகளைத் தவிர முழு உடலும், தையல் உட்பட, தடுத்தாக வேண்டும். லேபிளில் ‘4’ என்று பார்த்துவிட்டு அறுவைக் கவுனைத் தனிமை வார்டுக்கு அனுப்புபவர் இதைக் கவனிப்பதில்லை.

சிசேரியனை எடுத்துக்கொள்வோம். கருப்பையைத் திறந்ததும் அரை லிட்டரையும் தாண்டக்கூடிய பனிக்குட நீர் சட்டென்று வழிகிறது, இரத்தமும் சேர்கிறது. மேசை விளிம்பில் வயிறு பதிய நின்று, தாயின் வயிற்றை அழுத்திக் குழந்தை வெளிவர உதவும் உதவி மருத்துவரின் கவுன் அந்த இடத்தில்தான் நனைகிறது, அதே இடத்தில்தான் அழுந்தவும் செய்கிறது. இதை அறிந்தே நம் ஓ.டி.க்களில் கவுனுக்கு அடியில் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏப்ரனுக்குக் கை கிடையாது. முன்கை நனைந்தால் நனைந்ததுதான். அதே கவுனை அணிந்து பத்து நிமிடத்தில் கண்புரை அறுவை செய்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு அறைக்கும் ஒரே கவுன் வாங்குவது ஒன்றில் வீண்செலவு, மற்றதில் ஆபத்து.

தையலையும் கவனிக்க வேண்டும். 2020இல் கோவிட் பரவியபோது, கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில், அதாவது சிட்ராவில், முழு உடல் கவச உடைகளைச் செயற்கை இரத்தம் கொண்டு சோதித்தார்கள். பனியன் தைத்துப் பழகிய திருப்பூரும் அப்போது அந்தத் தொழிலுக்குள் வந்தது. ஊசி போகும் ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டை என்பதால், துணி தேறினாலும், தையலின் மேல் சூடேற்றி ஒட்டும் டேப் இல்லாமல் அது தேறாது. ஜி.எஸ்.எம். எண் தையலைப் பற்றி வாயே திறக்காது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஜி.எஸ்.எம்.மை எந்த ஸ்டோரிலும் ஒரு கத்தரியும் தராசும் கொண்டு அளந்துவிடலாம்; ஆய்வகச் சான்றிதழைக் காகிதமாகத்தான் பார்க்க முடியும், காகிதம் பொய் சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். மாதிரியாகக் காட்டிய துணியும் லாரியில் வந்து இறங்கிய துணியும் ஒன்றுதானா என்று பார்க்க எடை நல்ல கருவி. அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம், தேர்வுக்கு வேண்டாம்.

கவுன் அதிகமானால் காப்பும் அதிகமாகும் என்பதும் உறுதியல்ல. அமெரிக்காவில் 20 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பாதிப் பிரிவுகளில் எல்லா நோயாளிகளிடமும் கவுனும் கையுறையும் அணிந்தே நுழைந்தார்கள். மருந்துக்கு அடங்காத இருவகைக் கிருமிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பரவல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஒரு வகை மட்டும் தனியே குறைந்தது. நோயாளியின் அறைக்குள் ஊழியர் போய்வருவதும் குறைந்தது.

கழற்றுவதை டெண்டர் எழுதும்போது யாரும் நினைப்பதில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஊழியர்களின் கையுறையிலோ கவுனிலோ புற ஊதா ஒளியில் மின்னும் பசையைத் தடவிக் கழற்றச் சொன்னார்கள். 435 முறை கழற்றியதில் 46 சதவீத முறை தோலிலோ உடையிலோ பசை ஒட்டியிருந்தது. கழுத்து நாடா கடுமுடிச்சாகிவிட்டால் கை தானாக அழுக்கான முன்பக்கத்துக்குப் போகும். இழுத்தால் அறுந்துவரும் நாடா, மணிக்கட்டைப் பற்றி நிற்கும் ரிப், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டக் கூடிய தளர்வு ஆகியவற்றை டம்ளர் தண்ணீர் காட்டாது. மாதிரியை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஏ.சி. இல்லாத வார்டில் ஒரு மணி நேரம் அணிந்து, பிறகு அதே பசையைத் தடவிக்கொண்டு யார் துணையுமின்றிக் கழற்றட்டும். குழுவினர் பக்கத்தில் ஒரு புற ஊதா விளக்கோடு நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.