கண்ணாடியிழையும் சிறு உற்பத்தியும்: கம்யூனிட்டி நிறுவனத்தின் திறந்தவெளி ஒலிபெருக்கிகள்

திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு மழையும் வெயிலுமே பெருந்தடைகள். மரப்பெட்டி ஈரத்தில் உப்பிப் பிளக்கும். தாளாலான கூம்பு நனைந்து வலுவிழக்கும். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் புரூஸ் ஹவ்ஸ் தோற்றுவித்து, பென்சில்வேனியாவில் இயங்கிய கம்யூனிட்டி நிறுவனம் இச்சிக்கலுக்குக் கண்ணாடியிழையில் தீர்வு கண்டது. இசைநிகழ்ச்சிகளுக்கான பெரும் ஒலிப்புனல்களை அப்பொருளால் செய்த அந்நிறுவனம், விளையாட்டரங்குகளுக்கான ஆர் வரிசை ஒலிபெருக்கிகளிலும் அதனையே பயன்படுத்தியது.

அச்சின்மேல் இழைப்பாய் விரித்துப் பிசின் பூசும் கைவினைமுறைக்கு உலோக வார்ப்பிற்குரிய பெருமுதலீடு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் மிகுந்த மனித உழைப்பு வேண்டும். ஆகவே அது பேரளவு உற்பத்தியைவிடச் சிற்றளவு உற்பத்திக்கே ஏற்றது. பிற்காலத்தில் கம்யூனிட்டியைப் பயாம்ப் நிறுவனம் கையகப்படுத்தியது. எனினும், சிறு உற்பத்தியாளரின் வரலாற்றை முதலீட்டுக் கணக்கால் மட்டுமன்றி, மூலப்பொருளாலும் செய்முறையாலும் ஆராய வேண்டும் என்பதற்கு இந்நிறுவனம் தக்க சான்றாகும்.