கேஸ் வாசனை பிறந்த கதை

சிலிண்டர் மாட்டி ஒன்றரை மாதம் ஆனதும் அம்மாவின் மூக்கு வேலையைத் தொடங்கிவிடும். அடுப்பைப் பற்றவைக்கும்போது நெடி கொஞ்சம் கூடுதலாக ஏறினால், "தீரப்போகுது, புக் பண்ணிடு" என்பார். 2021 வரை அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். வாசனைக்காகக் கலந்த பொருள் சோம்பேறி. அடியில் தங்கி, கடைசி நாட்களில் கெட்டியாக வெளியே வரும்.

ஆம், அது கலந்த வாசனைதான். எத்தில் மெர்காப்டான் என்று பெயர். சிலிண்டர் கேஸுக்கோ, குழாயில் வரும் மீத்தேனுக்கோ சொல்லும்படியான வாசனை எதுவும் இயல்பில் கிடையாது என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

1857-ல் கல்கத்தா தெருவிளக்குகளில் எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு. கந்தகம் கலந்திருந்ததால் அது தானாகவே நாறும், கசிந்தால் தெரிந்துவிடும். 1880-களில் ஜெர்மனியில், வாசனையில்லாத வேறொரு வாயுவில் மெர்காப்டானைக் கலந்தும் பார்த்திருக்கிறார்கள். வழி தெரிந்திருந்தது. ஆனால் அதைக் கட்டாயமாக்க அரை நூற்றாண்டு ஆனது. அதற்கு ஒரு பள்ளிக்கூடம் சிதற வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளால் கொழித்த ஊர். பள்ளி வளாகத்துக்குள்ளேயே கிணறுகள் இருந்தன. நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த காலத்தில் இங்கே பிள்ளைகளுக்குப் பெரிய கட்டடம், விளையாட்டுத் திடல், எல்லாம் அமைந்தன. ஆனாலும் 1937-ன் தொடக்கத்தில், மாதம் சுமார் 300 டாலர் கேஸ் பில்லை மிச்சப்படுத்த நினைத்தது பள்ளி நிர்வாகம். எண்ணெய் எடுக்கும்போது கூடவே வரும் கழிவு வாயுவைக் கம்பெனிகள் வீணாக எரித்துக்கொண்டிருந்தன. அந்தக் குழாயில் ஓர் இணைப்பு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் பல வீடுகளும் அப்படித்தான் செய்தன.

அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. எங்கோ இணைப்பில் கசிந்து, கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த நீண்ட வெற்றிடத்தில் சேர்ந்தது. தலை வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

மார்ச் 18, வியாழக்கிழமை. மறுநாள் வகுப்பு கிடையாது. மாலை மூன்று மணி தாண்டி, பள்ளி விடச் சில நிமிடங்களே இருந்தபோது, தொழிற்பயிற்சி ஆசிரியர் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தைப் போட்டார். ஒரு பொறி. கட்டடமே எழும்பி விழுந்தது. கான்கிரீட் பாளம் ஒன்று பறந்துபோய் வெளியே நின்ற காரை நசுக்கியது. பெற்றோர் சங்கக் கூட்டத்துக்காகப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தாய்மார்கள்தான் முதலில் ஓடிவந்தவர்கள். கிணறுகளில் வேலை செய்துகொண்டிருந்த தகப்பன்மார்கள் வந்து, இரவெல்லாம் மழையில் இடிபாடுகளைக் கையால் அகற்றினார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். பெரும்பாலும் பிள்ளைகள்.

டெக்சஸ் அரசு சில வாரங்களிலேயே சட்டம் போட்டது: கேஸில் வாசனை கலக்க வேண்டும். மற்ற மாநிலங்களும் நாடுகளும் அதே வழிக்கு வந்தன. கலக்கும் அளவும் மிகச் சிறியது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அழுகிய பிணத்திலிருந்து வரும் வாசனைகளில் ஒன்று இது என்பதால், 1930-களில் கலிபோர்னியாவில் குழாய் கசிந்த இடங்களுக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. அவற்றைப் பார்த்தே ஊழியர்கள் கசிவைத் தேடிப் போனார்கள்.

நம் நாட்டுக்கு சிலிண்டர் 1955-ல் பம்பாய் வழியாக வந்தது. இண்டேன் 1965-ல் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2007-ல் ஏழை வீடுகளுக்கு இலவச அடுப்போடு போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் இந்த வாசனையும் கூடவே போனது. தீப்பிடிக்கத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் கலந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது இங்கும் விதி.

இனி என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. குழாய் கேஸ் வந்துகொண்டிருக்கிறது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் படியும். அதனால் சிலிண்டர் பக்கத்தில் குனிந்துதான் மோந்து பார்க்க வேண்டும். மீத்தேனோ மேலே ஏறும். நாற்பது வருடப் பழக்கத்தை வீட்டுப் பெண்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். யாராவது வந்து சொல்லித்தர வேண்டும். அடுத்தது ஹைட்ரஜன். சூரத் அருகே கவாஸில் 2023 முதல் ஒரு குடியிருப்பின் குழாய் கேஸில் அதைக் கொஞ்சம் கலந்து பார்க்கிறார்கள். தனி ஹைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கும் தெரியாது. மெர்காப்டானில் உள்ள கந்தகம், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலங்களைக் கெடுக்கும் என்பதால் வேறு வாசனைப் பொருளைத் தேடுகிறார்கள். தேடட்டும். கிடைக்கும்வரை எந்த வீட்டுக்குள்ளும் அதை விடக் கூடாது என்பேன். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிய வீடுகளுக்கு இந்தக் கவலையே இல்லை. அம்மாவுக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பால் காய்ச்ச மட்டும் அதைத் தொடுவார்.

கோவிட் வந்துபோன பிறகு அம்மாவுக்கு வாசனை முழுசாகத் திரும்பவில்லை. ரெகுலேட்டரை மாட்டியதும் சோப்பு நுரையை வால்விலும் ட்யூபிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கப் பழகிக்கொண்டார். அதுவும் போதவில்லை. பக்கத்து வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்ப்பாள்.

"கண்ணு, வாசனை வருதா பாரு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, சிலிண்டர் பக்கத்தில் குனிந்து இரண்டு தடவை மோந்து பார்க்கிறாள். "இல்ல பாட்டி." பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறாள்.