இந்தியத் தேசிய மின்தொகுப்பு நவீனமயமாக்கலுக்கான வரிச் சலுகைகள்

இந்தியாவில் மின்செலுத்துப் பாதைகள், துணைமின் நிலையங்கள், பகிர்மானக் கட்டமைப்பு, கட்டுப்பாட்டு மையங்கள் ஆகியவற்றைப் புதிதாக அமைக்கவும் புதுப்பிக்கவும் முதலீடு செய்வோருக்கு ஒன்றிய அரசு வழங்கிவரும் வரித் தளர்வுகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. இலாபத்தில் கழிவு, விரைவுத் தேய்மானம், முதலீட்டு அறக்கட்டளைகளுக்கான விலக்கு ஆகியவை இவற்றில் முதன்மையானவை. இங்கு குறிக்கப்படும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குரியவை. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1.

பின்னணி

மாநில எல்லைகளுக்குள் வளர்ந்த மின்கட்டமைப்புகள் முதலில் ஐந்து மண்டலத் தொகுப்புகளாகவும், பின்னர் ஒரே தேசியத் தொகுப்பாகவும் இணைக்கப்பட்டன. மாநிலங்களுக்கிடையிலான மின்செலுத்தப் பணியை முன்னெடுக்க 1989இல் பவர்கிரிட் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவிலும், இரண்டாம் நாளில் கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களிலும் சேர்த்து ஏற்பட்ட பெரும் மின்தடை ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகளைப் பாதித்தது. பாதைகளின் கொள்ளளவும் கண்காணிப்பும் தேவைக்கு ஈடாக வளரவில்லை என்பதை அந்நிகழ்வு காட்டியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்மண்டலமும் இணைந்தபின், நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் தொகுப்பு உருவானது.

இலாபத்தில் கழிவு

பிரிவு 80-ஐஏ இச்சலுகைகளின் மையமாக இருந்தது. 1999 ஏப்ரல் 1க்கும் 2017 மார்ச் 31க்கும் இடையே புதிய மின்செலுத்து அல்லது பகிர்மானப் பாதைகளை அமைத்துப் பணி தொடங்கிய நிறுவனங்கள், அப்பாதைகளிலிருந்து கிடைத்த இலாபம் முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பணி தொடங்கிய முதல் 15 ஆண்டுகளுக்குள், தொடர்ச்சியான 10 ஆண்டுகளை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம். தொடக்க ஆண்டுகளில் வட்டியும் தேய்மானமும் இலாபத்தை விழுங்கிவிடும் என்பதால் இந்த நெகிழ்வு அளிக்கப்பட்டது.

பழைய பாதைகளைப் புதுப்பிப்போருக்கும் 2004இல் இக்கழிவு விரிக்கப்பட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று கணக்கேட்டில் இருந்த மதிப்பில் குறைந்தது 50 விழுக்காடு அளவுக்குப் பொறி, இயந்திரங்களைக் கூட்டினால்தான் அது "கணிசமான புதுப்பிப்பு" என ஏற்கப்பட்டது. சிறு பழுதுபார்ப்புகளுக்குச் சலுகை போய்விடாமல் காத்த இவ்வரையறை, சிறுகச் சிறுகப் புதுப்பித்த நிறுவனங்களை வெளியே நிறுத்தியது. கழிவு பெற்றவர்களும் பிரிவு 115ஜேபி-யின்படி குறைந்தபட்ச மாற்று வரி செலுத்த வேண்டியிருந்ததால், "வரி விடுமுறை" என்ற பெயருக்கேற்ற முழு விடுதலை கிட்டவில்லை.

விரைவுத் தேய்மானம்

பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுத் தேய்மான வீதம் 15 விழுக்காடு. மின்தொகுப்பை நுண்ணறிவுடன் இயக்க உதவும் பல கருவிகள் வருமான வரி விதிகளின் பட்டியலில் ஆற்றல் சேமிப்புக் கருவிகளாகச் சேர்க்கப்பட்டு உயர்ந்த வீதம் பெற்றன. ஷன்ட் கெப்பாசிட்டர்கள், தொடர் ஈடுசெய் கருவிகள், நேரவாரி மின்மீட்டர்கள், ஸ்காடா தொலைக் கண்காணிப்பு அமைப்புக்குரிய கணினிகளும் தொடர்புச் சாதனங்களும் அவற்றுள் அடங்கும். உபரி மண்டலத்திலிருந்து பற்றாக்குறை மண்டலத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தேசியத் தொகுப்புக் கருவிகளும் பட்டியலில் உள்ளன. முன்பு 80 விழுக்காடாக இருந்த இவ்வீதம் 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

100 கோடி ரூபாய்க் கருவிக்கு 15 விழுக்காட்டில் முதலாண்டுக் கழிவு 15 கோடி. 40 விழுக்காட்டில் 40 கோடி. மொத்தக் கழிவு இரண்டிலும் ஒன்றே. முன்கூட்டியே கிடைப்பதால் நிறுவனத்தின் கையிருப்பு கூடி, கடன் தேவை குறைகிறது. இவை தவிர, புதிய இயந்திரங்களுக்கான 20 விழுக்காடு கூடுதல் தேய்மானத்தை 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மின்செலுத்தத்துக்கும் நீட்டித்தது.

2019இல் வந்த பிரிவு 115பிஏஏ நிறுவனங்களுக்கு 22 விழுக்காடு வரி வீதத்தை அளித்தது. அதைத் தேர்ந்தவர்கள் குறைந்தபட்ச மாற்று வரியிலிருந்து விடுபட்டனர்; மாறாக, 80-ஐஏ கழிவையும் கூடுதல் தேய்மானத்தையும் கைவிட வேண்டியிருந்தது.

முதலீட்டு அறக்கட்டளைகள்

கட்டி முடித்த பாதைகளை அறக்கட்டளைக்கு மாற்றி, திரட்டிய பணத்தில் புதிய பாதைகளை அமைக்க வழிசெய்யும் இன்விட் முறைக்கு 2014இல் வரி ஏற்பாடு வகுக்கப்பட்டது. திட்ட நிறுவனம் தரும் வட்டிக்கு அறக்கட்டளை அளவில் வரியில்லை. அலகு வைத்திருப்போரே செலுத்துகின்றனர். இந்தியா கிரிட் டிரஸ்ட் 2017லும், பவர்கிரிட் இன்விட் 2021லும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

நுகர்வோருக்குக் கிடைக்கும் பயன்

ஒழுங்குமுறைக் கட்டணத்தில் இயங்கும் பாதைகளுக்கு, பங்கு மூலதனத்தின் மீதான வருவாயை நிறுவனம் செலுத்தும் வரியோடு சேர்த்தே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிடுகிறது. ஆகவே வரி குறைந்தால் மின்செலுத்துக் கட்டணமும் குறைய வேண்டும். ஏலத்தில் வழங்கப்படும் பாதைகளில், நிறுவனங்கள் சலுகையைக் கணக்கில் கொண்டே விலை கேட்கின்றன.

ஜிஎஸ்டி

மின்சாரத்துக்கும் அதன் செலுத்தம், பகிர்மானத்துக்கும் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் விலக்குப் பெற்ற சேவை என்பதால் உள்ளீட்டு வரி வரவும் இல்லை. மின்மாற்றி, மின்மீட்டர் போன்றவற்றின் மீது செலுத்தும் 18 விழுக்காடு வரி அப்படியே மூலதனச் செலவில் சேர்ந்து, இறுதியில் மின்கட்டணத்தில் இறங்குகிறது. விலக்கு என்ற பெயரில் புதுப்பித்தலின் விலையை உயர்த்தும் முரண் இது.

வரம்புகள்

இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கே வரிக் கழிவால் உடனடிப் பயன் உண்டு. மாநிலப் பகிர்மான நிறுவனங்கள் பல நெடுங்காலமாக நட்டத்தில் இயங்குகின்றன. தமிழ்நாட்டின் டான்ஜெட்கோவும் 2017இல் கடன் மீட்புக்கான உதய் திட்டத்தில் சேர நேர்ந்தது. வணிக நட்டத்தை எட்டு ஆண்டுகள்வரைதான் முன்கொண்டு செல்லலாம். எனவே 2021இல் தொடங்கிய புத்தாக்கப் பகிர்மானத் திட்டம் வரிச் சலுகையை நாடாமல், 97,631 கோடி ரூபாய் அரசு நிதியோடு 3,03,758 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டது. 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது அதன் இலக்குகளில் ஒன்று.

அமெரிக்காவும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2005ஆம் ஆண்டு ஆற்றல் கொள்கைச் சட்டம் 69 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்செலுத்துச் சொத்துகளின் தேய்மானக் காலத்தை 20 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாகவும், 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்மார்ட் மீட்டர்களுக்கு 10 ஆண்டுகளாகவும் குறைத்தன. வருமான வரி செலுத்தாத கூட்டுறவு, நகராட்சி மின்நிறுவனங்களுக்கு இவற்றால் பயனில்லை. 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம், மின்சேமிப்புக் கலங்கள் உள்ளிட்ட முதலீடுகளுக்கான வரவை அத்தகைய நிறுவனங்களுக்குப் பணமாகவே வழங்க வழிசெய்தது.

மதிப்பீடு

இந்தியாவின் வரிச் சலுகைகள் உயரழுத்த மின்செலுத்தத்துக்குத் துணைநின்றன. இழப்பும் தடையும் மிகுந்த பகிர்மானப் பகுதியை, அதாவது வீடுகளுக்கும் வயல்களுக்கும் மின்சாரம் சேரும் கடைசிக் கட்டத்தை, அவை போதிய அளவில் எட்டவில்லை. நட்டத்திலுள்ள நிறுவனத்துக்கும் பயன்படும் வகையில் சலுகையைப் பணமாக அளிப்பதும், கருவிகள் மீதான ஜிஎஸ்டிக்கு வரவு தருவதும் இக்குறையைப் போக்கும் வழிகள்.