டெல்ஃப்ட் நகரத்து ஜவுளிக்காரர்

கல்லூரிப் படி ஏறாதவர், தாய்மொழியான டச்சைத் தவிர வேறு மொழி அறியாதவர், தொழிலால் ஜவுளிக்கடைக்காரர். அப்படிப்பட்ட ஒருவர் எழுதிய கடிதங்களிலிருந்துதான் நுண்ணுயிரியலின் வரலாறு தொடங்குகிறது. ஆன்டனி வான் லீவன்ஹூக் 1632-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். தந்தை கூடை முடைபவர். மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போதே காலமானார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வணிகரிடம் சேர்ந்து தொழில் பழகிய பிள்ளை, 1654-இல் ஊர் திரும்பி, பார்பரா என்ற பெண்ணை மணந்து சொந்தமாகக் கடை வைத்தார். பாடநூல்கள் அவரை அறிவியலாளராக மட்டுமே காட்டுகின்றன. வணிகராகவும் தகப்பனாகவும் அவரைப் பார்க்காதவரை அந்த அறிவியல் எப்படி விளைந்தது என்பது விளங்காது என்றே நான் கருதுகிறேன்.

துயரம் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பார்பரா பெற்ற ஐந்து குழந்தைகளில் நான்கு பிழைக்கவில்லை. 1656-இல் பிறந்த மரியா மட்டுமே தங்கினாள். அவளுக்குப் பத்து வயதாகும்போது தாயும் போய்விட்டார். 1671-இல் லீவன்ஹூக் கொர்னேலியா என்பவரை மணந்தார். 1694-இல் அவரும் மறைந்தார். அதற்குப் பின் 29 ஆண்டுகள் தகப்பனுக்கு மகளே துணை. மரியா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

1660-இல் நகர ஆட்சியின் கூடத்தைப் பேணும் பொறுப்பு லீவன்ஹூக்குக்குக் கிடைத்தது. 1679-இல் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்தது. கையில் நிலையான ஊதியம் இருந்ததால் தம் விருப்பப்படி நேரத்தைச் செலவிட முடிந்தது. துணியின் இழையை எண்ணிப் பார்க்கும் கண்ணாடிதான் அவரை ஆடிகளின்பக்கம் இழுத்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம். அவர் செய்த கருவி உள்ளங்கைக்குள் அடங்கும்: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே கடுகளவு ஆடி, பார்க்கவேண்டிய பொருளைக் குத்தி நிறுத்த ஓர் ஊசி, அதை நகர்த்தத் திருகாணிகள். எஞ்சியவற்றுள் சிறந்த ஒன்று பொருளை 260 மடங்குக்கு மேல் பெரிதாக்குகிறது. இப்படி 500-க்கு மேல் செய்தார். தம் சிறந்த முறையை மட்டும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. தொழில் நுணுக்கத்தைக் காப்பது கடைக்காரருக்குப் பழகிப்போன பழக்கம்.

1674-இல் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரில் நுண்ணிய உயிர்களைக் கண்டார். அதைவிட எனக்குப் பிடித்தது மிளகுக் கதை. மிளகு ஏன் காரமாக இருக்கிறது? அதன் துகள்களில் முள் போல் ஏதோ இருந்து நாவைக் குத்துகிறது என்பது அவர் எண்ணம். அதைப் பார்க்க 1676-இல் மிளகைத் தண்ணீரில் ஊறப் போட்டார். முள் அகப்படவில்லை, நீர் முழுக்க நீந்தும் உயிர்கள் அகப்பட்டன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டெல்ஃப்டிலும் ஒரு கிளை இருந்தது. அந்தக் கம்பெனி மலபார்க் கரையில் மிளகுக்காகப் போர் செய்து கொச்சியைப் பிடித்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. நம் பக்கத்துச் சமையல் பண்டம் ஒன்றுக்கு இந்த வரலாற்றில் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

கண்டதையெல்லாம் அதே ஆண்டில் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அங்கே நம்பத் தயங்கினார்கள். அவர் வாதாடவில்லை. ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, தாங்கள் கண்டதை எழுதி ஒப்பமிடச் செய்து அனுப்பினார். அவர்களில் மதபோதகர்களும் இருந்தார்கள். பத்திரத்துக்குச் சாட்சி வைத்துப் பழகியவரின் வழி இது. 1677-இல் சொசைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தாமே சோதித்து உண்மை என்று உறுதிசெய்தார். 1680-இல் சொசைட்டி லீவன்ஹூக்கை உறுப்பினராக ஏற்றது.

அளவுதான் அவருடைய பேச்சு. மணல் பருக்கை, தலைமுடி, ரத்த அணு ஆகியவற்றை அளவுகோலாக வைத்தே கண்ணுக்குத் தெரியாதவற்றின் பருமனைக் கணக்கிட்டார். 1683-இல் பல் அழுக்கைப் பற்றி எழுதிய கடிதத்தில் தாம் காலைதோறும் உப்பால் பல் துலக்குவதையும் மறைக்காமல் சொல்கிறார். தம் பல் அழுக்கோடு இரண்டு பெண்களுடையதையும் சோதித்தார். அவர்கள் அவருடைய மனைவியும் மகளுமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆய்வுக்கூடம் என்று தனியாக எதுவும் இல்லை; வீடே ஆய்வுக்கூடம், வீட்டாரே உடனிருந்தோர். 1698-இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் காட்டினார்.

1723 ஆகஸ்டில், 90-ஆம் வயதில், மரணப்படுக்கையிலும் நண்பரை அழைத்து, கடைசி இரண்டு கடிதங்களை லத்தீனில் பெயர்த்து லண்டனுக்கு அனுப்பச் சொன்னார். ராயல் சொசைட்டிக்கென்று ஒதுக்கியிருந்த 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அடங்கிய பேழையை மரியா தவறாமல் அனுப்பிவைத்தார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் தந்தைக்கு நினைவுச்சின்னம் எழுப்பியதும் அவரே. மற்றக் கருவிகளைத் தாம் இருந்தவரை கைவிடவில்லை. 1745-இல் அவர் இறந்து, 1747-இல்தான் அவை ஏலத்துக்கு வந்தன. லண்டனுக்குப் போன 26-ம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமல் போய்விட்டன. இன்று அருங்காட்சியகங்களில் காணக்கிடைக்கும் சிலவும் மரியாவின் பாதுகாப்பில் இருந்த தொகுப்பிலிருந்து வந்தவையாகவே இருக்கவேண்டும். லீவன்ஹூக்குக்கு நினைவு மலர் வெளியிடும்போது அந்த மகளின் பெயரையும் அட்டையிலேயே அச்சிடவேண்டும்.