செய்யாத சத்தியம்

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, மாப்பிள்ளை ஒருநாள் ஸ்மித்ஃபீல்டு என்ற பகுதிக்கு அழைத்துப் போனார். பழைய இறைச்சிச் சந்தை உள்ள இடம். பக்கத்திலேயே செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனை. அதன் வெளிச்சுவரில் ஒரு நினைவுக் கல். கீழே யாரோ வைத்துவிட்டுப் போன பூங்கொத்துகள், ஒரு ஸ்காட்லாந்துக் கொடி.

"பிரேவ்ஹார்ட் படம் பார்த்தீங்களே மாமா, அந்த வில்லியம் வாலஸைக் கொன்ற இடம் இதுதான்" என்றார்.

ஊர் திரும்பியதும் வாலஸைப் பற்றித் தேடிப் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கிரிமினல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். அவருடைய போர்களைவிட அவர் மீது நடந்த வழக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தைக் கைப்பற்றினார். அங்கிருந்த பிரபுக்களும் நிலக்காரர்களும் வரிசையாக வந்து அவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து முத்திரை வைத்தார்கள். அந்த நீளமான பட்டியலில் வில்லியம் வாலஸ் என்ற பெயர் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1297 செப்டம்பரில் ஸ்டர்லிங் பாலத்தில் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் ஆங்கிலப் படையைத் தோற்கடித்தார்கள். வாலஸ் நாட்டின் காவலர் ஆனார். மறு வருடம் ஜூலையில் ஃபால்கர்க் போரில் தோற்று அந்தப் பதவியை விட்டார். சினிமாவில் அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக முடிந்துவிடுகிறது. உண்மையில் அவர் இன்னும் ஏழு வருடம் வாழ்ந்தார்.

அந்த வருடங்களில் பிரான்சுக்குப் போய் உதவி கேட்டார். பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், ரோமில் இருந்த தம் ஆட்களுக்கு, வாலஸுக்குப் போப்பாண்டவரின் தயவு கிடைக்க உதவுங்கள் என்று 1300 நவம்பரில் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ஆனால் 1303-இல் அதே பிலிப் எட்வர்டுடன் சமாதானம் செய்துகொண்டார். ஸ்காட்லாந்துக்காரர்களை அதில் சேர்க்கவில்லை.

துணை போனதும் 1304 பிப்ரவரியில் பிரபுக்கள் சரணடைந்தார்கள். உயிருக்கும் நிலத்துக்கும் உத்தரவாதம் கிடைத்தது. வாலஸுக்கு மட்டும் எந்த உறுதியும் இல்லை. அவர் மன்னரின் சித்தத்துக்கு முழுவதுமாகப் பணிய வேண்டும். அதோடு நிற்கவில்லை. வாலஸைப் பிடித்துக் கொடுக்க யார் அதிகம் பாடுபடுகிறார்களோ அவர்களுக்குச் சலுகை என்று எட்வர்ட் அறிவித்தார். நேற்றுவரை கூட நின்றவர்களையே வேட்டைக்கு அனுப்பும் தந்திரம் அது.

1305 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளாஸ்கோ அருகே வாலஸ் பிடிபட்டார். பிடித்தவர் சர் ஜான் மென்டீத், ஸ்காட்லாந்துக்காரர், எட்வர்டுக்காக டம்பார்ட்டன் கோட்டையைக் காத்தவர்.

ஆகஸ்ட் 22 அன்று லண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். மறுநாளே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. அந்த மண்டபத்தில் முடி சூடுவேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இருந்ததாம். அதற்குக் கேலியாகத் தலையில் இலைக் கிரீடம் வைத்தார்கள். லானார்க் ஷெரிஃபைக் கொன்றது, தேவாலயங்களை எரித்தது, மன்னருக்குத் துரோகம் செய்தது என்று குற்றச்சாட்டுகள் நீண்டன. எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். 1297-இல் அவர் படை வட இங்கிலாந்துக்குள் புகுந்தபோது அங்குள்ள எளிய ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மற்றவற்றை அவர் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் மறுத்தார்: இங்கிலாந்து மன்னருக்கு நான் ஒருபோதும் துரோகி ஆனதில்லை. அந்தப் பட்டியலில்தான் அவர் பெயர் இல்லையே! கொடுக்காத வாக்கை எப்படி மீறுவது?

அந்தக் கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்துக்குப் புறம்பானவர் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவர், ஆகையால் எதிர்வாதத்துக்கு இடமில்லை என்றார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கோர்ட்டில் எவ்வளவு பெரிய கொலை வழக்கானாலும் அன்றைய 313 விசாரணையில் நீதிபதி எதிரியைப் பார்த்து, "சாட்சிகள் சொன்னதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பார். பதிலை எழுத்துக்கு எழுத்து பதிவு செய்வோம். பலர் "பொய் சாட்சி" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏதோ சடங்கு போல நான் எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தக் கேள்வியின் அருமை இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. குதிரையில் கட்டி ஸ்மித்ஃபீல்டு வரை தரையோடு இழுத்துப் போனார்கள். தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் இறக்கி, குடலை எடுத்து, தலையை வெட்டினார்கள். தலை லண்டன் பாலத்தில். உடலின் நான்கு துண்டுகள் நியூகாசில், பெரிக், ஸ்டர்லிங், பெர்த் ஊர்களுக்கு.

கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். துப்புக் கொடுத்த வேலைக்காரனுக்கு 40 மார்க், பிடிக்க உதவியவர்களுக்கு 60 மார்க், மென்டீத்துக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலம், உடல் துண்டுகளைக் கொண்டுபோன செலவு 15 ஷில்லிங். சாட்சி பேட்டா எழுதிய கை என்னுடையது. அந்தக் கடைசி வரியை மட்டும் சாதாரணமாகத் தாண்ட முடியவில்லை.

ஏழே மாதத்தில், 1306 மார்ச்சில், ராபர்ட் புரூஸ் ஸ்காட்லாந்தின் மன்னராக முடி சூடினார். எட்வர்டுக்குச் சத்தியம் செய்து மீறியவர்களில் அவரும் ஒருவர். 1314-இல் பேனக்பர்னில் ஜெயித்தவரும் அவரே. மென்டீத்தும் பிற்பாடு புரூஸ் பக்கம் வந்து சேர்ந்தார். நாட்டின் விடுதலையைக் கேட்டு 1320-இல் போப்பாண்டவருக்குப் பிரபுக்கள் எழுதிய கடிதத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலும் அந்த விசாரணைக்கு ஒரு நினைவுத் தகடு வைத்திருக்கிறார்களாம். அந்த முறை பார்க்காமல் வந்துவிட்டேன். இனி ஒருமுறை போக உடம்பு இடம் கொடுத்தால், முதலில் அங்கே போய் நிற்க வேண்டும்.